தோட்டத்து லொறியும் சாரதியின் ஐயமும்



நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை, இராகலை வழியாக உடப்புசல்லாவைக்குச் செல்லும் பாதையில் ஒருமுறையேனும் பயணஞ் செய்தவர்கள், கொழுந்துச் சாக்குகளை ஏற்றிக்கொண்டு முனகி முனகி ஏறும் லொறியைக் கண்டிருப்பார்கள். அதன் பின்னால் வரும் நமக்குப் பொறுமை குறைகின்றது. ஆனால், அந்த லொறியை ஓட்டுபவரின் மனத்தில் ஓடும் ஐயங்களை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இன்று அவற்றைப் பற்றியே சிறிது பேச விரும்புகின்றேன்.

ஒரு காலத்தில் இம்மலைக்கு இரயில் இருந்தது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலை வரை ஏறக்குறைய 19 மைல் தூரத்திற்கு ஒரு குறுகிய இருப்புப்பாதை, 1903, 1904ஆம் ஆண்டுகளில் திறக்கப்பெற்றது. தண்டவாளங்களின் இடைவெளி இரண்டரை அடியே. தேயிலையும் உரமும் அரிசியும் அதில் ஏறி இறங்கின. பின்னர் மோட்டார் வண்டிகள் பெருகின. இரயில் நிலையத்தோடு நின்றுவிடும். லொறியோ தொழிற்சாலை வாசலுக்கே வந்துவிடும். அந்தப் போட்டியைத் தாங்காமல் அப்பாதை 1948ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அன்று முதல் இப்பகுதியின் சுமையெல்லாம் லொறியின் முதுகிலே ஏறிவிட்டது.

தொழிற்சாலை முற்றத்தில் கொழுந்து நிறுக்கும்வரை இரு சாரதிகள் காத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இளையவர் கேட்கின்றார்:

"அண்ணே, பின்பக்கத்தில் ஒரு டயர்தானே வெடித்தது? அதற்குச் சோடியாக இருந்த நல்ல டயரையும் கழற்றிவிட்டார்களே! காசு மிஞ்சிப்போய்விட்டதா?"

மூத்தவர் சிரிக்கின்றார். "தம்பி, எனக்கும் முதலில் அது விளங்கவில்லை. கேட்ட பிறகுதான் விளங்கியது."

அவர் கேட்டறிந்த காரணம் இதுதான். பின்புறத்து இரட்டைச் சக்கரங்கள் ஒரே குடத்தில் பூட்டப்பட்டவை. ஒன்றாகவே சுழல வேண்டியவை. தேய்ந்த டயரின் சுற்றளவு சிறிது. புதிய டயரின் சுற்றளவு பெரிது. இரண்டையும் இணைத்தால், பெரியதே பாரத்தின் பெரும்பங்கைச் சுமந்து சூடேறும். சிறியது தரையோடு உராய்ந்து வீணாகும். ஆகவே, ஒத்த உயரமுள்ள இரண்டைச் சேர்த்துப் பூட்டுகின்றார்கள். கழற்றிய நல்ல டயர் குப்பைக்குப் போவதில்லை. அதே அளவு தேய்ந்த மற்றொன்றுக்குத் துணையாகின்றது.

இளையவரின் இரண்டாவது ஐயம்: "பிரேக் எண்ணெய் ஒரு சொட்டும் குறையவில்லை; தெளிவாகவும் இருந்தது. அதை ஏன் வடித்து ஊற்றினார்கள்?"

நேயர்களே, இது உயிரோடு தொடர்புடைய வினா. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைச் சிறிது சிறிதாக உறிஞ்சும் இயல்புடையது. மழையும் பனியும் மிகுந்த மலைநாட்டில் ஈரத்திற்குக் குறைவில்லை. 'டொட் 3' என்னும் தரத்து எண்ணெய், புதியதாக இருக்கும்போது 205 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பத்திலேயே கொதிக்க வேண்டும் என்பது விதி. அதில் நூற்றுக்கு 3.7 பங்கு நீர் கலந்துவிட்டால், 140 பாகையிலேயே அது கொதிக்கக்கூடும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அவ்வெப்பம் எளிதில் உண்டாகும். கொதித்தால் ஆவிக் குமிழ்கள் தோன்றும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். சாரதி மிதிப்பார், மிதி அடிவரை போகும், வண்டி மட்டும் நிற்காது. கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் எண்ணெயை மாற்றுவது இதனாலேயே.

இவ்விடத்தில் சாரதிமாருக்கும் ஒரு சொல். டீசலை மிச்சப்படுத்துவதாக எண்ணிச் சிலர் இறக்கத்தில் கியரை நியூட்ரலில் விடுகின்றார்கள். கியரில் இறங்கி, முடுக்கியிலிருந்து காலை எடுத்தால், இயந்திரத்துக்குச் செல்லும் டீசல் பெரும்பாலும் தானே தடைப்படும். இயந்திரமும் வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலிலோ இயந்திரம் ஓயாமல் டீசலைக் குடிக்கும். பாரம் முழுவதும் பிரேக்கின்மேல் விழும். மிச்சமென்று எண்ணியது நட்டமாகின்றது.

மூன்றாவது ஐயம்: "இந்த வண்டி ஐயாயிரம் கிலோமீற்றர் ஓடினால்தான் எண்ணெய் மாற்றுவார்களாம். அதற்கு முன்னரே இயந்திரம் களைத்துவிடுகிறதே, அண்ணே!"

இதில் நியாயம் சாரதியின் பக்கமே இருக்கின்றது. எண்ணெய் கறுப்பது மட்டும் குற்றமன்று. டீசல் புகைக்கரியைத் தன்னுள் தாங்கிக்கொள்வது நல்ல எண்ணெயின் கடமை. கணக்குத்தான் இங்கே பிழைக்கின்றது. சமநிலத்தில் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் லொறிக்கு, 5000 கிலோமீற்றர் என்பது 100 மணிநேர உழைப்பு. மலைக்கும் தொழிற்சாலைக்கும் இடையே சராசரி 12 கிலோமீற்றர் வேகத்தில் ஊரும் லொறிக்கு, அதே தூரம் 400 மணிநேரத்திற்கும் மேலான உழைப்பு. அதுவும் முதலாங் கியரில், முழுப் பாரத்தோடு. தூரத்தைக் காட்டும் மானி இந்த உழைப்பைக் காட்டாது. ஆதலால், இத்தகைய வண்டிகளுக்கு மணிக்கணக்கே தக்க கணக்கு.

இதனை இப்போது வலியுறுத்தக் காரணமுண்டு. 2020ஆம் ஆண்டில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022ஆம் ஆண்டில் ரூபாயின் மதிப்பு வீழ்ந்தது. உதிரிப்பாகங்களின் விலை ஏறியது. 2025ஆம் ஆண்டில் இறக்குமதிக்கு மீண்டும் வழி திறந்தபோதிலும், பழைய வண்டியை ஒரே நாளில் மாற்ற யாரால் இயலும்? இருப்பதைப் பேணுவதே பலருக்கும் வழி.

மூன்று ஐயங்களில் இரண்டுக்குப் பட்டறையிடம் தக்க காரணம் இருந்தது. ஒன்றில் சாரதியே சரியாகக் கண்டார். ஆனால், காரணம் சொல்லப்படாத இடத்தில் நல்ல முடிவும் விரயம் போலத் தோன்றும். கேட்டும் விடை பெறாத சாரதி, நாளடைவில் கேட்பதையே விட்டுவிடுவார். பின்னொரு நாள் பிரேக் மிதி சற்றே மென்மையாகத் தோன்றும்போதும் அவர் வாய் திறக்கமாட்டார். அந்த மௌனமே நாம் அஞ்சவேண்டியது.

ஒவ்வொரு லொறியிலும் ஒரு சிறு கொப்பி இருக்கட்டும். சாரதி தாம் உணர்ந்ததை ஒரு பக்கத்தில் எழுதட்டும். பழுது பார்ப்பவர் தாம் செய்ததையும் அதன் காரணத்தையும் எதிர்ப்பக்கத்தில் எழுதட்டும். கொப்பியின் விலை சொற்பம். ஆனால், அந்த மலைப்பாதையில் ஏறி இறங்கும் உயிர்களுக்கு விலை உண்டோ?