நம்ம குடும்பத்துக்கும் ஒரு சங்கம்: மகளையும் சேர்த்து வம்சாவளி எழுதுவோம்



குழுக் கூட்டத்தில் நாம் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறோம். யார் வந்தார், யார் வரவில்லை, எவ்வளவு சேமிப்பு, யாருக்குக் கடன், என்ன தீர்மானம் என்று எல்லாவற்றுக்கும் பதிவேடு உண்டு. ஆனால், "உங்க பாட்டியோட அம்மா பேரு என்ன?" என்று கேட்டால் நம்மில் பல பேர் முழிக்கிறோம். நம் குடும்பத்துக்கு என்று ஒரு பதிவேடு ஏன் இல்லை? இந்த இதழில் அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

ஒரு உறுப்பினரின் அனுபவம்

முடிச்சூர் பக்கம் உள்ள ஒரு குழுவில் நடந்தது இது. அந்தச் சகோதரியின் அப்பா இறந்து சில வருஷம் கழித்து, ஊர் நிலத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. வாரிசு சான்றிதழை வாங்கிப் பார்த்தால் அதில் அம்மா பெயரும் இரண்டு அண்ணன்கள் பெயரும் மட்டும்தான் இருந்தன. இவர் பெயர் இல்லை. அலுவலகத்துக்குப் போய்க் கேட்டபோது, "நீங்க அவர் மகள்தான்னு என்னம்மா ஆதாரம்?" என்று கேட்டிருக்கிறார்கள். இவரிடம் காட்ட ஒன்றும் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு பொங்கி வீட்டுக்குள் வந்தபோது பீரோவில் இருந்த பேப்பர் எல்லாம் கூழாகிப் போய்விட்டது. அதற்குப் பிறகு வாங்கிய அட்டைகளில் கணவர் பெயர்தான் இருக்கிறது, அப்பா பெயர் இல்லை.

கடைசியில் வழி காட்டியவர் ஊரில் இருந்த அத்தை. தாத்தாவின் கருமாதிப் பத்திரிகையை அவர் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். மகன்கள், மகள்கள், பேரன், பேத்திகள் என்று வரிசையாக அச்சடித்த அதில் இந்தச் சகோதரியின் பெயரும் இருந்தது. பத்திரிகை மட்டும் சட்டப்படியான ஆதாரம் ஆகாது. ஆனால் எங்கே தேடுவது, யாரைக் கேட்பது என்பது அதை வைத்துத்தான் தெரிந்தது. படித்த பள்ளிக்கூடத்தில் அப்பா பெயரோடு சான்றின் நகல் வாங்கினார். ஊர்ப் பெரியவர்கள் விசாரணையில் வாக்குமூலம் கொடுத்தார்கள். எட்டு மாதம் அலைந்த பிறகு பெயர் சேர்ந்தது. "அண்ணனுங்க கெட்டவங்க இல்லைங்க. கல்யாணம் ஆகிப் போனவ பேரு எதுக்குன்னு நினைச்சுட்டாங்க" என்றார். எழுதி வைக்காத குடும்பத்தில் முதலில் விட்டுப் போவது மகளின் பெயர்தான்.

மற்றவர்கள் எப்படிச் செய்கிறார்கள்?

குடும்ப வரலாற்றைக் காப்பது புதிய விஷயம் இல்லை. ஹரித்துவாரில் பண்டாக்கள் என்னும் புரோகிதர்கள், அங்கு வரும் குடும்பங்களின் தலைமுறைகளை நீண்ட கணக்குப் புத்தகங்களில் ஊர் வாரியாகத் தலைமுறை தலைமுறையாக எழுதி வருகிறார்கள்.

நம் செட்டிநாட்டில் நகரத்தார்களுக்கு இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோவில், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது கோவில்கள் உண்டு. ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது ஒரு கோவிலைச் சேர்ந்தது. கல்யாணத்துக்குக் கோவில் மாலை வரும். கல்யாணமான ஜோடியை ஒரு 'புள்ளி' என்று அந்தக் கோவிலில் கணக்கு வைப்பார்கள்.

கேரளாவில் சிரியன் கிறிஸ்தவக் குடும்பங்கள் 'குடும்பயோகம்' என்று சங்கமே வைத்திருக்கின்றன. ஒரு மூதாதையர் வழி வந்தவர்கள் எல்லாம் வருஷத்துக்கு ஒரு முறை கூடுகிறார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் உண்டு, சந்தா உண்டு. பல குடும்பங்கள் தங்கள் வரலாற்றைப் புத்தகமாகவே போட்டிருக்கின்றன.

நம் பக்கத்தில் குலதெய்வக் கோவில்தான் குடும்பச் சங்கம். தாம்பரம், பெருங்களத்தூர், சேலையூர், மேடவாக்கம் பக்கம் குடியிருக்கும் பல குடும்பங்களுக்குக் குலதெய்வம் வேறு மாவட்டத்தில் இருக்கிறது. திருநெல்வேலிக்காரர்கள் பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோவிலுக்குப் போகிறார்கள். பங்காளிகள் கூடித் தலைக்கட்டு வரி போட்டுக் கொடை நடத்துகிறார்கள். வரி நோட்டைப் புரட்டினால் ஆண் தலைமுறை எல்லாம் அதில் வந்துவிடும்.

ஒன்றைக் கவனியுங்கள். புள்ளிக் கணக்கானாலும் தலைக்கட்டு ஆனாலும், கல்யாணம் ஆன பெண் பிறந்த வீட்டுக் கணக்கிலிருந்து போய்விடுகிறாள். வம்சம் எழுதி வைத்தால் மட்டும் பெண்ணுக்கு உரிமை வந்துவிடாது. வம்சப் பெருமை பேசும் திருவிதாங்கூர் கிறிஸ்தவக் குடும்பங்களில், 1916-ஆம் வருஷத்துச் சட்டப்படி மகளுக்குக் கிடைத்தது மகன் பங்கில் கால் பாகம் அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. மேரி ராய் என்ற அம்மையார் வழக்குப் போட்டு, 1986-ல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்த பிறகுதான் சமபங்கு கிடைத்தது. அதனால் நாம் எழுதும் வம்சாவளியில் மகளும் இருக்க வேண்டும், மகள் வயிற்றுப் பிள்ளைகளும் இருக்க வேண்டும்.

இதனால் என்ன பயன்?

முதல் பயன், உரிமை. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-படி, தகப்பனார் உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய சொந்தச் சொத்தில் மகன், மகள், மனைவி, அவருடைய தாயார் எல்லோருக்கும் சமபங்கு. பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் தமிழ்நாடு 1989-லேயே மகளுக்குப் பங்கு கொடுத்தது. ஆனால் அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு அதில் இல்லை. 2005-ல் வந்த மத்தியச் சட்டம் கல்யாணம் ஆனவர், ஆகாதவர் என்ற வித்தியாசத்தை எடுத்துவிட்டது. 2005 செப்டம்பர் 9 அன்று தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பத்திரம் பதிவு செய்தோ கோர்ட் மூலமோ பாகம் பிரித்திருந்தால் அதைக் கலைக்க முடியாது. கிறிஸ்தவ, முஸ்லிம் சகோதரிகளுக்கு அவரவர் சட்டம் தனி.

இரண்டாவது, ஆரோக்கியம். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, மார்பகப் புற்றுநோய் போன்றவை அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்தால் நமக்கும் வாய்ப்பு கூடுதல். யாருக்கு எந்த வயதில் என்ன வந்தது என்று தெரிந்தால் முன்கூட்டியே பரிசோதனை செய்துகொள்ளலாம்.

மூன்றாவது, ஒற்றுமை. சாவுக்கு மட்டும் கூடும் சொந்தம், வருஷத்தில் ஒரு நாள் சந்தோஷத்துக்கும் கூடட்டுமே!

எப்படி ஆரம்பிப்பது?

1. முதலில் பெரியவர்களிடம் உட்காருங்கள். வயதில் மூத்தவர் யாரோ, அவரிடம் முதலில் கேளுங்கள். பாட்டி போன பிறகு யாரைக் கேட்பது?

2. இரண்டு பக்கமும் எழுதுங்கள். ஒரு பக்கம் பிறந்த வீடு, ஒரு பக்கம் புகுந்த வீடு. ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். மூன்று தலைமுறை வந்தால் போதும், ஆரம்பத்துக்கு அதுவே பெரிசு.

3. ஒருவருக்கு ஒரே பெயரை மட்டும் எழுதாதீர்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். அதனால் ஒரே குடும்பத்தில் நாலு முருகேசன் இருப்பார்கள். கூப்பிடும் பெயர், இனிஷியல், ஊர் மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். பெண்களுக்குக் கல்யாணத்துக்கு முன் இருந்த இனிஷியல், பின் வந்த இனிஷியல் இரண்டும் வேண்டும்.

4. வருஷம் தெரியவில்லையா? "தனுஷ்கோடி புயல் அப்போ (1964) கைக்குழந்தை", "எம்.ஜி.ஆர். இறந்த வருஷம் (1987) கல்யாணம்", "சுனாமிக்கு (2004) அடுத்த மாசம் பிறந்தான்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதை அப்படியே எழுதுங்கள், வருஷம் தானே வந்துவிடும்.

5. வீட்டில் இருக்கும் ஆதாரங்களைத் தேடுங்கள். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, பழைய ரேஷன் கார்டு, பள்ளிச் சான்று, பத்திரம் எல்லாம் உதவும். மொய் நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள், எந்த ஊரில் எந்தச் சொந்தம் என்று அதில் இருக்கும்.

6. அரசுப் பதிவேடுகளில் ஊர்ப் பெயரைக் கவனியுங்கள். தாம்பரம் பக்கத்துப் பழைய பத்திரங்களில் 'செங்கல்பட்டு ஜில்லா, சைதாப்பேட்டை தாலுகா' என்று இருக்கும். 1997 முதல் காஞ்சிபுரம் மாவட்டம், 2019 முதல் செங்கல்பட்டு மாவட்டம், 2021 முதல் தாம்பரம் மாநகராட்சி. இடம் ஒன்றுதான், பெயர் மாறியிருக்கிறது.

சங்கம் அமைப்பது

இதற்கு நமக்குப் பயிற்சி வேண்டாம், குழு நடத்திய அனுபவமே போதும். பொங்கல் விடுமுறையிலோ குலதெய்வப் பூஜை அன்றோ முதல் கூட்டம் போடுங்கள். எழுத ஒருவர், பணத்துக்கு ஒருவர், கூட்டம் நடத்த ஒருவர் என்று தேர்ந்தெடுங்கள். மூன்று பேரில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். சந்தா சிறிதாக இருக்கட்டும், ரசீது கொடுங்கள். வருஷா வருஷம் பிறப்பு, இறப்பு, கல்யாணங்களைக் கூட்டத்தில் படித்து நோட்டில் ஏற்றுங்கள். நோட்டை மூன்று நகல் எடுத்து மூன்று ஊரில் வையுங்கள். ஒரு வீட்டில் வெள்ளம் புகுந்தாலும் மற்ற இரண்டு இருக்கும்.

சங்கத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டுமா? சொந்தக்காரர்கள் கூடி நோட்டு எழுதுவதற்குப் பதிவு தேவையில்லை. சந்தா பெருகி, சங்கம் பெரிதாகி, சங்கத்தின் பெயரில் நிதியோ இடமோ வைத்துக்கொள்ள நினைத்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி பதிவு செய்ய வேண்டியிருக்கும். குறைந்தது 7 உறுப்பினர் வேண்டும். துணைவிதிகள் எழுதி, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். பிறகு வருஷா வருஷம் கணக்குக் காட்ட வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

காதல் கல்யாணம் செய்து போன மகளையும், வேறு சாதியில் கட்டிய மகனையும், இரண்டாம் தாரத்தையும் அவர் பிள்ளைகளையும் விட்டுவிடாதீர்கள். விட்டால் அது பாதி வரலாறுதான். அதே நேரம், ஒருவரின் மனசு நோகும் விஷயத்தை அவர் சம்மதம் இல்லாமல் எழுதிப் பரப்பக் கூடாது. ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் இந்த நோட்டில் வேண்டவே வேண்டாம். வம்சாவளி நோட்டு அரசுச் சான்றுக்கு மாற்று இல்லை என்பதையும் மறக்காதீர்கள். பிறப்பு, இறப்பு, வாரிசு சான்றிதழ்களை அந்தந்த நேரத்தில் வாங்கிவிடுங்கள். வாரிசு சான்றிதழ் கையில் வந்ததும் எல்லா மகள்களின் பெயரும் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். பெயர் விட்டிருந்தால் வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் சட்ட உதவி இலவசம். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் அம்மா வழியில் மூன்று தலைமுறைப் பெண்களின் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு நாங்கள் எழுதித் தருகிறோம். முடிச்சூர் சகோதரி இப்போது ஒரு நோட்டுப் போட்டுவிட்டார். அதில் முதல் பக்கத்தில் இருப்பது பத்திரிகையைக் காப்பாற்றிய அத்தையின் பெயர்.