காதை மூடாத ஹெட்போனும் தறிச் சத்தமும்

சத்தமான இடத்தில் நின்று போன் பேசும்போது "கேட்கல்ல, கேட்கல்ல" என்று நாம் சொல்வது உண்மையில் இரண்டு வேறு குறைகளைப் பற்றியது. மறுமுனையில் இருப்பவர் பேசுவது எமக்கு விளங்காமல் போவது ஒன்று. நாம் பேசுவது அவருக்கு விளங்காமல் போவது மற்றது. முதலாவது, எமது காதோடு இருக்கும் ஒலிபெருக்கியின் காரியம். இரண்டாவது, ஒலிவாங்கியின் காரியம். ஹெட்போன் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பாட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு வாங்கி வருகிறார்கள். அழைப்புக்காக வாங்குகிறவருக்கு அந்தச் சோதனையால் பாதிப் பயன்கூட இல்லை.

நான் உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறேன். ஆனால் இந்த விடயத்தைத் தேடிப் படித்ததற்குப் பாடம் காரணமல்ல. மருதமுனையில் எங்கள் வீட்டு விறாந்தையில் உம்மாவின் கைத்தறி இருக்கிறது. வாப்பா கட்டாரில் வேலை செய்கிறார். அவருக்குப் பகல் 12 மணி என்றால் எங்களுக்குப் பிற்பகல் 2.30. அவருடைய சாப்பாட்டு இடைவேளையும் உம்மா தறியில் இருக்கும் நேரமும் ஒன்றாக வருகின்றன. காதுக்குள் அடைத்துப் போடும் இயர்பட்ஸ் போட்டால் வாப்பாவின் குரல் நன்றாகக் கேட்கும். ஆனால் வீட்டில் வேறெதுவும் கேட்காது. அப்படிப் பேசிக்கொண்டிருந்த ஒரு நாள், மூன்று வயதுத் தம்பி கேற்றைத் திறந்துகொண்டு வீதிக்கு இறங்கிவிட்டான். பக்கத்து வீட்டு மாமிதான் தூக்கிக் கொண்டுவந்து விட்டார். அன்றோடு உம்மா அந்த இயர்பட்ஸைத் தொடுவதில்லை.

காதுத் துவாரத்தை மூடாத ஹெட்போன்கள் இப்போது இரண்டு வகையாக வருகின்றன. ஒன்றில் சிறிய ஒலிபெருக்கியொன்று காதின் மேல் கொழுவியோ கவ்வியோ நிற்கும். துவாரத்துக்கு வெளியிலிருந்து சத்தத்தை உள்நோக்கி அனுப்பும். மற்றையது எலும்பு வழியாகக் கேட்கச் செய்வது. அது காதுக்கு முன்னால் கன்னத்து எலும்பில் அழுத்தி நின்று அதிரும். அந்த அதிர்வு செவிப்பறையைத் தாண்டி, மண்டையோட்டு எலும்பினூடாக நேரே உட்செவிக்குப் போகிறது.

இதை நம்ப முடியாதவர்கள் பாடசாலை ஆய்வுகூடத்தில் ஓர் இசைக்கவையைத் தட்டி, அதன் காம்பைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் வைத்துப் பார்க்கலாம். சத்தம் தலைக்குள்ளேயே கேட்பது போலிருக்கும். அது தேய்ந்து நின்றதும் கவையை எடுத்துக் காதுக்கு முன்னால் பிடியுங்கள், மீண்டும் கேட்கும். ஜேர்மனிய வைத்தியர் அடொல்ஃப் ரின்னே 1855இல் விளக்கிய இச்சோதனையைக் காது வைத்தியர்கள் இன்றும் செய்கிறார்கள். நல்ல காதுக்கு எலும்பு வழியை விட வளி வழியே இலகுவானது என்பதை இது காட்டுகிறது. எனவே எலும்பு வழி ஹெட்போன் பலமாக அதிர வேண்டியிருக்கிறது. சத்தத்தைக் கூட்டும்போது கன்னம் கூசுவது அதனால்தான்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் சொல்லிவிட வேண்டும். செவிப்பறையில் படாததால் இந்த வகை காதைக் கெடுக்காது என்று பலர் நினைக்கிறார்கள். உரத்த சத்தத்தால் கெடுவது உட்செவியில் இருக்கும் நுண்ணிய மயிர்க் கலங்கள். எந்த வழியாக வந்தாலும் சத்தம் போய்ச் சேரும் இடம் அதுதான். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்கு வாரத்தில் 40 மணித்தியாலத்துக்கு 80 டெசிபல் என்றும், பிள்ளைகளுக்கு 75 டெசிபல் என்றும் எல்லை சொல்கிறது. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். காது திறந்திருந்தால் வெளிச்சத்தமும் உள்ளே வரும். அதை மீறிக் கேட்க நாம் கூட்டிக்கொண்டே போவோம். கல்முனைக்குப் போகும் பஸ்ஸுக்குள் இந்த ஹெட்போனைப் போட்டுப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வீடு, முற்றம், கடை, ஆறுதலான வீதி என்பவற்றுக்கே இது பொருத்தம். எலும்பு வழி வகைக்கு மட்டும் ஒரு தனி வசதி உண்டு. இயந்திரங்களுக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவர்கள் காதடைப்பானைப் போட்டுக்கொண்டே அதில் பேசலாம்.

இனி ஒலிவாங்கி. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். வாயிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் குரலின் மட்டம் ஏறத்தாழ 6 டெசிபல் குறைகிறது. வாய்க்கு 3 சென்ரிமீற்றர் தூரத்தில் நிற்கும் ஒலிவாங்கியை விட, காதுப் பக்கமாக 12 சென்ரிமீற்றரில் இருப்பது 12 டெசிபல் குறைவாகவே குரலைப் பெறுகிறது. தறிச் சத்தமோ இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் வருகிறது. பழைய வயர் ஹேண்ட்ஸ்ஃப்ரீயின் ஒலிவாங்கியை வாய்க்குக் கிட்டப் பிடித்துப் பேசினால் தெளிவாகக் கேட்பதற்கும், விலை கூடிய வயரில்லா ஹெட்போன் சில வேளை தோற்பதற்கும் இதுவே காரணம்.

இக்குறையை ஈடுசெய்யத்தான் இரண்டு, மூன்று ஒலிவாங்கிகளை வைக்கிறார்கள். ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 343 மீற்றர் போகும். 2 சென்ரிமீற்றர் இடைவெளியில் வாயை நோக்கி வரிசையாக நிற்கும் இரண்டு ஒலிவாங்கிகளில், எமது குரல் ஒன்றைத் தொட்டு, செக்கனின் 17,000இல் ஒரு பங்கு பிந்தி மற்றதைத் தொடுகிறது. பக்கவாட்டிலிருந்து வரும் சத்தத்துக்கு அந்த வித்தியாசம் வேறாக இருக்கும். அதை வைத்துக் கருவி வாயின் திசையை அறிந்து, மற்றதைக் குறைக்கிறது. மின்விசிறி, என்ஜின் போன்ற ஒரே சீரான இரைச்சலை அகற்றுவது இலகு. திடீர் திடீரென்று வரும் ஹோர்ன் சத்தமும் நாடா மோதும் 'டக் டக்'கும் கடினம். பக்கத்தில் இன்னொருவர் பேசுவது எல்லாவற்றிலும் கடினம், அதுவும் குரல்தானே!

இன்னொரு விடயம் எனக்கே வியப்பாக இருந்தது. இரைச்சலுக்குள் மனிதர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துகிறார்கள் என்பதை பிரெஞ்சு வைத்தியர் எத்தியேன் லொம்பார் 1911இல் எடுத்துக்காட்டினார். காதை அடைத்துக்கொண்டால் இரைச்சல் எமக்குக் குறைவாகக் கேட்கும்; நாமும் மெதுவாகப் பேசுவோம்; மறுமுனையில் இருப்பவர் பாடுபடுவார். காது திறந்திருந்தால் குரல் தானாக உயர்கிறது. இந்த வகையில் மூடாத ஹெட்போன் வாப்பாவுக்குத்தான் உதவி.

புளூடூத்திலும் ஒரு தடை இருக்கிறது. பாட்டுக் கேட்கும்போது ஒலி ஒரு பக்கமாக மட்டும் வருகிறது. அழைப்பில் இரு பக்கமும் போய் வர வேண்டும், அதனால் தரம் குறைகிறது. பழைய முறையில் குரல் செக்கனுக்கு 8,000 தடவை மாதிரி எடுக்கப்படுவதால் 4,000 ஹேட்ஸுக்கு மேற்பட்ட மீடிறன் எதுவும் போகாது. 'ஸ' போன்ற ஒலிகளின் வலு பெரும்பாலும் அதற்கு மேலேதான். உயிரொலிகள் பலமானவை, தப்பிவிடும். மெல்லிய மெய்யொலிகளை இரைச்சல் விழுங்கிவிடும். அனுப்பிய காசு அறுபதாயிரமா எழுபதாயிரமா என்று உம்மா மூன்று தடவை கேட்பது இதனால்தான். 16,000 தடவை மாதிரி எடுக்கும் முறை போனிலும் ஹெட்போனிலும் இருந்தால் வித்தியாசம் தெரியும்.

ஹெட்போன்களோடு வரும் விளக்கத் தாள்கள் எதிலும் ஸ்காப் அணிபவர்களுக்காக ஒரு வரிகூட நான் காணவில்லை. ஆகவே வீட்டில் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். எலும்பு வழி ஹெட்போனை ஸ்காப்புக்கு மேலே போட்டால் துணி அதிர்வைக் குறைக்கிறது. கீழே போட்டால் நன்றாகக் கேட்கிறது, ஆனால் ஒலிவாங்கி துணிக்குள் போய்விடுகிறது. மெல்லிய ஒரு மடிப்பைத் தாண்டிக் குரல் வரும். காற்றின் சத்தத்தையும் துணி சற்றுத் தடுக்கும். தலையைத் திருப்பும்போது துணி உரசுவதுதான் தொல்லை, மறுமுனையில் அது இடி போலக் கேட்கும். காதோரம் துணியை இறுக்கமாக ஒரே மடிப்பாக விட்டு, ஊசியைக் கன்னத்தை விட்டுத் தள்ளிக் குத்தினால் உரசல் குறைகிறது. வழுக்கும் துணியை விடப் பருத்தித் துணி அசையாமல் நிற்கிறது. காதில் கவ்வும் வகையைத் துணி தட்டிவிடும்; இறுக்கிக் கட்டினால் வலிக்கும்.

வாங்குவதற்கு முன் எங்கள் வீட்டில் ஒரு சோதனை வைத்தோம். கடைக்காரரிடம் கேட்டு, ராத்தா ஹெட்போனைப் போட்டுக்கொண்டு கடை வாசலில், வீதியோரம் நின்று வீட்டுக்கு அழைத்தார். பத்து எண்களை ஒரு தடவை மட்டும் வாசித்தார்: அறுபது, எழுபது, பதினாறு, பதினேழு என்று குழப்பும் எண்களாகவே எடுத்தோம். வீட்டில் நான் எழுதினேன். பிறகு நான் வாசிக்க ராத்தா எழுதினார். கவ்வும் வகையில் எனக்குச் சரியாக வந்தவை ஆறு, எலும்பு வழியில் எட்டு. ராத்தாவுக்கு அங்கே நின்று கேட்டதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. எலும்பு வழியையே எடுத்தோம். உம்மா இப்போது தறி ஓட்டியபடியே பேசுகிறார், தம்பி கேற்றைத் தொட்டால் அந்தச் சத்தம் கேட்டு எழும்புகிறார். காசுக் கணக்கு வரும்போது மட்டும் தறியை நிறுத்திவிடுகிறார்.