குடியிருக்க ஆளில்லை, ஆனா ரெண்டு எம்.பி.: ஓல்ட் சாரம் தொகுதியின் கதை

இன்னைக்கு நாம பேசப்போறது இங்கிலாந்துல ஒரு காலத்துல இருந்து, இப்போ இல்லாமப்போன ஒரு நாடாளுமன்றத் தொகுதியைப் பத்தி. பேரு ஓல்ட் சாரம். 1832 வரைக்கும் அங்கிருந்து ரெண்டு எம்.பி.க்கள் லண்டனுக்குப் போனாங்க. 1831-ல அங்கே மொத்தம் 11 வாக்காளர்கள். அந்த 11 பேர்ல ஒருத்தர்கூட அந்த ஊர்ல குடியிருக்கலை. அங்கே இருந்தது ஒரு மேடு, அகழி, இடிஞ்ச சுவர், சுத்தி வயல். அவ்வளவுதான்.

இந்த நிலைமை எப்படி வந்தது? வில்ட்ஷயர் மாவட்டத்துல, ஸ்டோன்ஹெஞ்சுக்குப் பக்கத்துல இருக்கு இந்த மேடு. நார்மன் மன்னர்கள் காலத்துல இங்கே கோட்டை, பெரிய தேவாலயம், ஊர் எல்லாமே இருந்தது. ஆனா தண்ணிக்குக் கஷ்டம். கோட்டைக் காவலர்களுக்கும் பாதிரியார்களுக்கும் ஓயாத சண்டை வேற. கடைசியில 1220-ல கீழே சமவெளியில புது தேவாலயத்துக்கு அஸ்திவாரம் போட்டாங்க. ஜனங்களும் கொஞ்சம் கொஞ்சமா அங்கேயே இறங்கிப் போயிட்டாங்க. அதுதான் இன்னைக்கு இருக்கிற சால்ஸ்பரி நகரம்.

ஊர் இறங்கிப் போச்சு, எம்.பி. அனுப்புற உரிமை மட்டும் மேலேயே தங்கிடுச்சு. 1295-ல முதலாம் எட்வர்ட் கூட்டின நாடாளுமன்றத்துக்கு ஓல்ட் சாரத்துலேர்ந்தும் ஆள் போனாங்க. ஊர் காலியான பிறகும் அந்த உரிமையை யாரும் பறிக்கலை. சால்ஸ்பரிக்குத் தனியா ரெண்டு எம்.பி., காலி மேட்டுக்குத் தனியா ரெண்டு எம்.பி.!

இங்கே ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். ஓட்டுரிமை ஆளுக்கு இல்லை, மனைக்கு. குறிப்பிட்ட சில மனைகள் யார் பேர்ல இருக்கோ, அவங்களுக்குத்தான் ஓட்டு. அப்போ எல்லா மனையையும் ஒரே ஆள் வாங்கிட்டா? தேர்தல் நேரத்துல தனக்கு வேண்டியவங்க பேருக்குப் பத்திரத்தை மாத்திக் கொடுப்பார். தேர்தல் முடிஞ்சதும் திருப்பி வாங்கிப்பார். வயல்ல ஒரு மரத்தடியில கூடுவாங்க, அவர் சொன்ன பேரை அறிவிப்பாங்க, கலைஞ்சு போவாங்க. பிரசாரமே தேவையில்லை!

அப்படி வாங்கினவர்ல ஒருத்தரைச் சென்னைக்காரங்க தெரிஞ்சு வெச்சுக்கணும். தாமஸ் பிட். கம்பெனியோட அனுமதி இல்லாமலே இந்தியாவுல வியாபாரம் பண்ணிச் சம்பாதிச்சவர். 1690-கள் தொடக்கத்துல ஓல்ட் சாரம் மனைகளை வாங்கினார். அதே கம்பெனி அவரையே 1698-ல மெட்ராஸுக்கு கவர்னரா அனுப்பிச்சது. நுங்கம்பாக்கம், திருவொற்றியூர் உட்பட ஐந்து கிராமங்கள் கம்பெனி கைக்கு வந்தது இவர் காலத்துலதான், 1708-ல. இவர் மெட்ராஸ்ல கோட்டையில உட்கார்ந்திருந்தப்பவே, 1705-ல இவரோட மகன் ராபர்ட் ஓல்ட் சாரம் எம்.பி. ஆயிட்டார். மெட்ராஸ்ல வாங்கின பெரிய வைரத்தை 1717-ல பிரான்ஸ் அரச குடும்பத்துக்கு 1,35,000 பவுண்டுக்கு வித்தது தனிக் கதை.

இந்தக் குடும்பத்தோட அடுத்த தலைமுறைகள்தான் எனக்கு ரொம்ப சுவாரசியம். பேரன் வில்லியம் பிட் 1735-ல, 26 வயசுல, இதே தொகுதியிலிருந்துதான் நாடாளுமன்றத்துக்குள்ள போனார். பின்னாடி பிரதமர் ஆனார். 'பார்த்தீங்களா, இந்த மாதிரி தொகுதி இருந்தாத்தான் திறமையான இளைஞர்கள் சீக்கிரம் உள்ளே வர முடியும்'னு ஆதரவாளர்கள் வாதாடினாங்க. ஆனா அதே பிட் 1766-ல அவையில எழுந்து, இந்த மாதிரி தொகுதிகள் நம்ம அரசியலமைப்போட அழுகிப்போன பகுதி, இது நூறு வருஷம் தாங்காதுன்னு பேசினார். அவர் மகன் இளைய பிட், பிரதமரா இருந்துகிட்டே 1785-ல 36 சின்னத் தொகுதிகளை ஒழிக்க மசோதா கொண்டுவந்தார். அதுவும் சும்மா இல்லை, தொகுதியை வெச்சிருக்கிறவங்களுக்கு நஷ்டஈடு கொடுத்து! அப்பவும் 248-க்கு 174-ன்னு தோத்துப்போச்சு. தொகுதிங்கறது ஒருத்தரோட சொத்துன்னு சீர்திருத்தம் பண்ண வந்தவரே ஒத்துக்க வேண்டியிருந்தது. அதைத்தான் கவனிக்கணும்.

இதே சமயத்துல மான்செஸ்டர், பர்மிங்காம், லீட்ஸ் எல்லாம் ஆலைகளும் தொழிலாளிகளுமா வளர்ந்துகிட்டே போகுது. இந்த நகரங்களுக்குன்னு ஒரு எம்.பி. கூடக் கிடையாது. 1819 ஆகஸ்ட் 16-ம் தேதி, மான்செஸ்டர்ல செயின்ட் பீட்டர்ஸ் மைதானத்துல சுமார் 60,000 பேர் பிரதிநிதித்துவம் கேட்டுக் கூடினாங்க. குதிரைப்படை வாளோட உள்ளே புகுந்தது. பதினஞ்சு பேருக்கு மேல செத்தாங்க, நூத்துக்கணக்கானவங்களுக்குக் காயம். காலி மேட்டுக்கு ரெண்டு எம்.பி., இவங்களுக்கு வாள்வெட்டு. அந்தக் கூட்டத்துல நின்ன ஒரு நெசவாளியா யோசிச்சுப் பாருங்க.

மாற்றம் சுலபமா வரலை. 1831 மார்ச்ல சீர்திருத்த மசோதா மக்களவையில ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்துல ஒரு கட்டம் தாண்டுச்சு: 302-க்கு 301. அக்டோபர்ல இன்னொரு மசோதாவைப் பிரபுக்கள் அவை தூக்கி எறிஞ்சது. பிரிஸ்டல்ல கலவரமே வெடிச்சது. 1832 ஜூன்ல ஒருவழியா சட்டமாச்சு. 56 சின்னத் தொகுதிகள் முழுசா ஒழிஞ்சது. அதுல ஓல்ட் சாரமும் ஒண்ணு. மான்செஸ்டர், பர்மிங்காம், லீட்ஸ் மூணுக்கும் தலா ரெண்டு எம்.பி. கிடைச்சது. பெரிய பிட் சொன்னதிலிருந்து கணக்குப் பண்ணினா 66 வருஷம்.

அதோட எல்லாம் சரியாயிடுச்சான்னா, இல்லை. பெரும்பாலான ஆண் தொழிலாளிகளுக்கு அப்பவும் ஓட்டு இல்லை. வாக்காளர்னா ஆண்தான்னு அந்தச் சட்டமே வெளிப்படையா எழுதி வெச்சது. ரகசிய வாக்கெடுப்பு வர 1872 ஆச்சு.

ஓல்ட் சாரத்தை யாரும் திட்டம் போட்டுக் காலித் தொகுதியா உருவாக்கலை. ஜனங்க இடம் மாறினாங்க, பட்டியல் மாறலை. அதுல லாபம் பார்க்கக் கொஞ்சம் பேர் வந்த பிறகு, மாத்தவும் விடலை. அதனால ஒரு தொகுதி வரைபடத்தை அடுத்த தடவை பார்க்கும்போது ரெண்டே கேள்வி கேளுங்க: இது எந்த வருஷத்து ஜனங்களை வெச்சு வரைஞ்சது? இது இப்படியே இருந்தா யாருக்கு லாபம்?