தோட்டத்துக் காவல் நாயும் உடையவரின் பொறுப்பும்

வண்டியூர்க் கண்மாயைச் சுற்றியுள்ள வயல்களின் நடுவே இன்று வீடுகள் எழும்பிவிட்டன. முன்பு கிணற்றடியில் கட்டியிருந்த நாய் யாரைப் பார்த்துக் குரைத்தாலும் கேட்க ஆளில்லை. இப்போது அதே வரப்பின் வழியே பள்ளிப் பிள்ளைகளும், பால்காரரும், மீட்டர் கணக்கெடுக்க வரும் மின்வாரிய ஊழியரும் நடக்கிறார்கள். மோட்டார், மின்வயர், தேங்காய் ஆகியவற்றைக் காக்க நாய் தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் எந்த நாயை, எப்படி வளர்ப்பது என்பதை நாம் புதிதாக யோசிக்க வேண்டியிருக்கிறது.

நம் தென்மாவட்டங்களில் நல்ல காவல் நாய்களுக்குக் குறைவில்லை. தேனி மாவட்டத்துக் கோம்பை நாய் செவலை நிறமும் கறுத்த முகமும் உடையது, காவலில் கெட்டி. வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட இராஜபாளையம் நாய் ஒருவரிடமே ஒட்டிக்கொள்ளும். அந்நியரை எளிதில் அண்ட விடாது. அஞ்சல்துறை 2005-ம் ஆண்டு இந்த நாய்க்குத் தபால்தலையே வெளியிட்டது. சிப்பிப்பாறையும் கன்னியும் ஓட்டத்துக்கும் முயல் வேட்டைக்கும் பேர்போனவை. இவை போதாதென்று, தோட்ட வீடு கட்டுவோர் சிலர் ராட்வீலர், பிட்புல் போன்ற வெளிநாட்டு இனங்களையும் கொண்டுவருகிறார்கள்.

2024-ம் ஆண்டு மார்ச் மாதம் மத்திய அரசின் கால்நடைத் துறை 23 வெளிநாட்டு இனங்களைத் தடை செய்யும்படி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ஏப்ரலில் கர்நாடக உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மே மாதம் சென்னைப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வீலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. நாயின் உடைமையாளர் கைது செய்யப்பட்டார். அந்த 23-ல் நம் நாட்டு இனம் எதுவும் இல்லை. அதனால் நம் நாய் கடிக்காது என்று எண்ணிவிடக் கூடாது. பட்டியல் இனத்தைப் பார்க்கிறது. கடி பெரும்பாலும் வளர்ப்பில் விளைகிறது என்பதே என் கருத்து.

நாய் எப்படிக் கொடியதாகிறது?

பகல் முழுவதும் இரண்டு முழச் சங்கிலியில் கட்டிப் போட்டு, ஆளே அண்டாமல் வைத்தால் நாய்க்குக் காவல் குணம் கூடும் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. பச்சைக் கறி போட்டால் மூர்க்கம் வரும் என்பாரும் உண்டு. இரண்டும் தவறு. ஓட வழியில்லாத நாய்க்குப் பயம் வந்தால் கடிப்பது தவிர வேறு வழியில்லை. அப்படிக் கட்டிக் கிடந்த நாய் ஒருநாள் அவிழ்ந்துகொண்டால், திருடனா, களையெடுக்க வந்த பெண்ணா என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. நாயை எப்போதும் கட்டியே வைத்து நடமாட விடாதிருப்பது 1960-ம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

கம்பால் அடித்துப் பழக்குவதும் கேடுதான். அடிபட்ட நாய் ஓங்கிய கையைக் கண்டு அஞ்சும். மண்வெட்டியைத் தோளில் தூக்கி வரும் கூலியாளும் அதன் கண்ணுக்கு அடிக்க வருபவராகவே தெரிவார். உறுமுவதற்காகவும் அடிக்காதீர்கள். உறுமல் நாய் தரும் எச்சரிக்கை. அதை அடக்கிவிட்டால் அடுத்த முறை சத்தமின்றிக் கடிக்கும்.

குட்டியிலேயே பழக்குதல்

எட்டு வாரத்துக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. கூடப் பிறந்தவற்றோடு விளையாடும்போதுதான் எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்று அது கற்கிறது. வாங்கும்போது தாய் நாயையும் பாருங்கள். தாய் ஆளைக் கண்டு பதுங்கிச் சீறினால் அந்த ஈற்றில் குட்டி எடுக்காதிருப்பது நலம்.

வெள்ளை நிற இராஜபாளையம் குட்டிகளில் சில பிறவிச் செவிடாக இருப்பதுண்டு. குட்டி வேறு பக்கம் பார்த்திருக்கும்போது பின்னாலிருந்து ஒரு தட்டைக் கீழே போட்டுப் பாருங்கள். செவிட்டு நாயை உறக்கத்தில் தொட்டால் திடுக்கிட்டுக் கடித்துவிடும். தோட்டக் காவலுக்கு அது ஆகாது.

மூன்றாவது வாரம் முதல் மூன்று, மூன்றரை மாதம் வரை கண்டதையெல்லாம் குட்டி அச்சமின்றி ஏற்றுக்கொள்ளும். அந்தக் காலத்தில் குழந்தைகள், தலையில் கூடை சுமப்பவர், மோட்டார் சைக்கிள், ஆடு, கோழி எல்லாம் அதற்குப் பழக்கமாக வேண்டும். அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடும் நம் பகுதியில் இது மிக அவசியம். ஆட்டைத் துரத்திப் பழகிய நாயைத் திருத்துவது பெரும்பாடு.

"வா", "உட்கார்", "இரு", "விடு" என்ற நான்கு சொற்கள் போதும். வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லையே சொல்ல வேண்டும். காலையும் மாலையும் பத்து நிமிடம் பழக்கி, சொன்னபடி செய்ததும் வேகவைத்த ஈரல் துண்டு ஒன்றைக் கொடுங்கள். கடிப்பதற்கென்று யாரையும் ஏவிவிட்டுப் பழக்க வேண்டாம். குரைத்து உங்களை எழுப்பினாலே காவல் வேலை முடிந்தது.

கட்டும் முறை

இரண்டு தென்னைகளுக்கிடையே கம்பி ஒன்றை இழுத்துக் கட்டி, அதில் ஓடும் வளையத்தில் சங்கிலியை மாட்டினால் நாய் நீளவாக்கில் நடமாடும். நாய் மரத்தைச் சுற்றிச் சிக்காமலிருக்க, மரத்துக்கு ஆறடி முன்பே வளையம் நிற்கும்படி முடிச்சுப் போடுங்கள். நிழலும் தண்ணீரும் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். நடைவரப்பு எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். இரவில் அவிழ்த்து விடுவதென்றால் வேலியும் கேட்டும் சரியாயிருந்தால்தான் விடலாம்.

மல்லிகைத் தோட்டம் வைத்திருப்போருக்குத் தனியே ஒன்று சொல்ல வேண்டும். மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் பூ போக, பெண்கள் இருட்டோடு மொக்குப் பறிக்க வருகிறார்கள். நாய் அவிழ்ந்து கிடக்கும் நேரமும் அதுவே. அவர்கள் வந்து நாயைக் கட்டச் சொல்லும்வரை காத்திராமல், முதல் ஆள் வருமுன்னே நீங்கள் எழுந்து கட்டிவிட வேண்டும். நாயால் பிறருக்குத் தீங்கு நேராதபடி கவனிக்கத் தவறினால், 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும்.

வெறிநோய்

குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து மறு ஊசி, பிறகு ஆண்டுதோறும் ஒன்று. கால்நடை மருந்தகத்தில் தரும் அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

யாரையேனும் கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, மஞ்சள் எதுவும் வைக்கக் கூடாது. "ஊசி போட்ட நாய்தானே" என்று தாமதிக்காமல் அன்றே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். தோலுக்குள் போடும் ஊசி முதல் நாள், பிறகு 3, 7, 28-ம் நாட்கள் என நான்கு முறை. இரத்தம் வந்த காயமானால் அதோடு காயத்தைச் சுற்றிப் போடும் எதிர்ப்புப் புரத மருந்தும் வேண்டும். கடிபட்டவர் கூலியாளானால் அந்த நாட்களின் கூலியையும் போகவரச் செலவையும் நாயை வளர்ப்பவரே கொடுப்பதுதான் முறை. கடித்த நாயை அடித்துக் கொன்றுவிடாமல் கட்டிவைத்துப் பத்து நாள் கவனியுங்கள். அதன் நிலையை மருத்துவரிடம் அவ்வப்போது தெரிவியுங்கள்.