ஏரிக்கரையில் எல்லோருக்கும் இடம்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பிரதேசங்களில் வயல்கள் மனைகளாகிவிட்ட பின்பு, பாசனத் தொழிலை இழந்து நின்ற ஏரிகள் சாக்கடைக்கும் குப்பைக்கும் உரியவை என்று ஜனங்களால் அலட்சியம் செய்யப்பட்டு வந்த நிலையில், ஆவடிப் பருத்திப்பட்டு ஏரியைச் சீர்செய்து, கரையைப் பலப்படுத்தி, சுற்றிவர சுமார் 3 கிலோமீட்டர் நடைபாதை அமைத்து, 2019-இல் பசுமைப் பூங்காவாகத் திறந்தது மெச்சத்தக்க காரியம்.

ஆனால் அங்கே என் மனத்தைக் கவர்வது நடைபாதையன்று. நீரின் நடுவே பறவைகளுக்கென்று விடப்பட்ட மண்திட்டுகளே. நாயும் மனிதனும் எட்டாதபடி ஜலமே வேலியாக நிற்பதால், காலையில் கரையோரம் ஜனங்கள் கூட்டமாக நடந்துகொண்டிருக்கும்போதே நீர்க்காகம் தன் ஈரச் சிறகுகளை அகல விரித்து அச்சமின்றி உலர்த்திக்கொள்கிறது.

ஏரிப் பூங்கா என்றாலே கரையைச் செங்குத்துச் சுவராக எழுப்பிவிடும் வழக்கம்தான் எனக்கு வருத்தமளிக்கிறது. ஆழமற்ற சரிவில்தான் மடையான் அசையாது நின்று மீன் பிடிக்கும், தவளை முட்டையிடும், கோரையும் சம்பும் வேர்விட்டு, கழிவுநீர் கொண்டுவரும் மிகையான சத்துக்களை உறிஞ்சிக்கொள்ளும். இச்சரிவைக் காத்து, விளக்குகளின் ஒளி நீரின்மேல் விழாமல் தாழ்த்தி, ஒரு புறத்தையேனும் புதராகவே விட்டுவைப்பது கொரட்டூர், அயப்பாக்கம் ஏரிகளிலும் பெருஞ்செலவின்றிச் செய்யக்கூடியதே.