நாலாம் தலைமுறை – 9: நான்கெல்லையில் நிற்கும் பங்காளி

ஆடி அமாவாசையன்று பெசன்ட் நகர் கடற்கரையில் தர்ப்பணம் பண்ணிவைக்கும் சாஸ்திரிகள் தகப்பன் வழியில் கேட்பது அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று மூன்று பெயர்கள்தான். மூன்றாவது பெயர் வரும்போதே பலர் செல்போனை எடுத்து ஊரிலிருக்கும் அத்தையைக் கூப்பிடுகிறார்கள். நாலாவது பெயரை யாரும் கேட்பதில்லை. நமக்கும் தெரிவதில்லை.

இந்த வாரம், எங்கள் தெருவில் ஒரு வாடகை ஃப்ளாட்டில் தங்கியிருந்த டர்பன் அம்மா ஒருவரின் கதை. ஓய்வுபெற்ற ஆசிரியை. தமிழில் நாலைந்து வார்த்தைகளும் ஒரு காவடிப் பாட்டும்தான் தெரியும். ஆனால் தன் நாலாம் தலைமுறைத் தாத்தாவைப் பற்றி அவர் கையில் வைத்திருந்த விவரத்தில் பாதிகூட, சென்னையிலேயே பிறந்து வளர்ந்த என்னிடம் என் தாத்தாவைப் பற்றிக் கிடையாது.

அவரிடம் இருந்தது கப்பல் பட்டியலின் ஒரு வரி. 1860 அக்டோபரில் மதராஸிலிருந்து கிளம்பிய ‘ட்ரூரோ’ நவம்பர் 16-ல் டர்பன் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. அதில் தொடங்கி 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மதராஸில் கப்பலேறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். எண்ணுக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம். டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கும் இந்தப் பேரேடுகளை ஜாய் பிரெய்ன் என்ற வரலாற்றாசிரியர் கணினியில் ஏற்றும் வேலையை முன்னின்று செய்தார். அதனால் இன்று கொள்ளுப்பேரன் வீட்டில் உட்கார்ந்தபடியே எண்ணைத் தட்டிப் பார்க்க முடிகிறது.

நம் அம்மாவின் வரி இப்படி: முனுசாமி, தகப்பன் ஆறுமுகம், வயது 22, செங்கல்பட்டு ஜில்லா, மதுராந்தகம் தாலுகா, இடது முழங்காலில் தழும்பு. ஆண்டு 1885. (பெயர்களை மாற்றியிருக்கிறேன். கிராமத்தின் பெயரைச் சொல்லவில்லை. குடும்பத்தார் விருப்பம்.)

தழும்பை எழுதிவைத்தவர்களுக்கு முனுசாமியின் மீது பாசம் ஒன்றும் கிடையாது. கரும்புத் தோட்டத்திலிருந்து ஆள் ஓடிப்போனால் பிடித்து வர அடையாளம் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கணக்குப்பிள்ளைத்தனத்தால்தான் முனுசாமியின் முழங்கால்வரை நமக்குத் தெரிகிறது. ஊரிலேயே தங்கிவிட்ட அவருடைய அண்ணன் தம்பிக்கு முழங்கால் இருந்ததா என்றுகூடத் தெரியாது. கடல் தாண்டிய ஏழையை எழுதிய சர்க்கார், தாண்டாத ஏழையைப் பெரும்பாலும் நிலம் இருந்தால் மட்டுமே எழுதியது. இந்தத் தொடருக்குக் கடிதம் போடுகிறவர்கள் ‘எங்கே தேடுவது?’ என்று கேட்கிறீர்கள். முதலில் நிலம் இருந்ததா என்று கேளுங்கள். ஒரு குழி இருந்திருந்தாலும் போதும்.

பெசன்ட் நகரையே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுவசதி வாரியம் மனை போட்டு இந்த நகரை எழுப்பியது 1970-களில். அதற்கு முந்தைய ஆவணத்தில் இந்தப் பெயரைத் தேடினால் ஒன்றும் அகப்படாது. செங்கல்பட்டு ஜில்லா, சைதாப்பேட்டை தாலுகா, ஊரூர் கிராமம் என்று தேட வேண்டும். அப்படித் தேடினாலும் வயலும் தோப்பும் வைத்திருந்தவர்கள் வருவார்கள். ஊரூர் குப்பத்திலும், ஆல்காட் பெயர் தாங்கிய குப்பத்திலும் தலைமுறை தலைமுறையாக வலை போட்டவர்கள் எளிதில் வரமாட்டார்கள். கடலுக்குப் பட்டா கிடையாதே.

மதுராந்தகத்துக்கு வருவோம். கிராமக் கணக்குகள் பரம்பரைக் கர்ணம் வீட்டுப் பெட்டியில் இருந்த காலம் ஒன்று உண்டு. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், முன்சீப் பதவிகளை ஒழித்தது. ஒழித்தது சரிதான் என்பது என் கட்சி. ஆனால் எத்தனை ஊர்ப் பழங்கணக்கு அந்தக் கைமாற்றத்தில் கரையானுக்குப் போயிற்றோ. அம்மாவும் நானும் முனுசாமியின் ஊருக்குப் போனோம்; அங்கும் பழைய கணக்கு இல்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, “ஏம்மா, அவ்ளோ தூரத்துல இருந்தா வர்றே? அப்படியே எங்க தாத்தா பேரையும் சேத்துத் தேடிப் பாரேன்” என்றார். சிரித்துக்கொண்டே உள்ளே போனவர், ஒரு டிரங்குப் பெட்டியிலிருந்து துணியில் சுற்றிய பத்திரங்களைக் கொண்டுவந்து வைத்தார்.

அதில் ஒன்று 1926-ல் பதிவான பாகப்பிரிவினைப் பத்திரம். பழுப்பேறிய முத்திரைத்தாள், மடிப்பில் இற்றுப்போய், பின்பக்கம் சப்-ரிஜிஸ்திராரின் வட்ட முத்திரை. பங்குதாரர்களில் ஒருவர்: காலஞ்சென்ற ஆறுமுகம் குமாரன் முனுசாமி, மைனர், வயது 14, கார்டியன் தாயார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவசரப்படக் கூடாத இடம் இதுதான். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். அதனால் ஆறுமுகம் மகன் முனுசாமி, முனுசாமி மகன் ஆறுமுகம் என்று இரண்டு பெயர்களே மாறி மாறி வரும். இரண்டு தலைமுறைக்கு ஒருமுறை அதே ஜோடி திரும்பிவரும். பெயரும் தகப்பன் பெயரும் பொருந்திவிட்டன என்று முடிச்சுப் போட்டால் ஐம்பது வருஷம் தவறிப்போகும். கவர்னர் வீட்டுப் பிள்ளைக்கே இந்தக் குழப்பம் உண்டு. எங்கள் கடற்கரைக்குப் பெயர் தந்த எட்வர்ட் எலியட், 1814 முதல் 1820 வரை மதராஸ் கவர்னராக இருந்த ஹ்யூ எலியட்டின் மகன், மாஜிஸ்ட்ரேட். மயிலாப்பூர் ராதாகிருஷ்ணன் சாலைக்குப் பழைய பெயரும் அவருடையதுதான். அமராவதிச் சிற்பங்களைத் தோண்டியெடுத்த வால்டர் எலியட் வேறு ஆள். இருவரையும் ஒருவராக்கிப் பேசுகிறவர்களை நானே கேட்டிருக்கிறேன்.

1926-ல் 14 வயது என்றால் அந்தப் பையன் பிறந்தது 1912 வாக்கில். நம் முனுசாமி அப்போது நேட்டாலில் ஐம்பதை நெருங்கியிருப்பார். ஆகவே பத்திரத்துப் பையன் இவரில்லை. ஆனால் பத்திரத்தை விட்டுவிடாமல் கடைசிப் பக்கத்துச் சொத்து விவரத்துக்குப் போக வேண்டும். பலர் அங்கே போவதில்லை. என்னைக் கேட்டால் ஒரு பத்திரத்தில் முதலில் படிக்க வேண்டியதே செக்குபந்தி என்ற நான்கெல்லை விவரம்தான். புஞ்சை 40 சென்ட். இன்னார் நிலத்துக்குக் கிழக்கு, வண்டிப்பாட்டைக்கு மேற்கு, ஏரி வாய்க்காலுக்குத் தெற்கு, “முனுசாமி பாகத்துக்கு வடக்கு.”

நிலம் என்று எழுதாமல் பாகம் என்று எழுதியிருக்கிறது. பிரிந்த பங்காளியின் நிலம் பக்கத்திலேயே இருக்கும், ஆள் போன பிறகும் வரப்பு அவன் பெயரிலேயே வழங்கும். மைனர் பையனின் பாகம் வேறிடத்தில் இருக்கிறது. அப்படியானால் இந்த முனுசாமி யார்? பையனின் தாத்தாவாக இருக்கலாம். அந்தத் தாத்தா 1885-ல் கப்பலேறியவராக இருந்தால், கைக்குழந்தை ஆறுமுகத்தையும் பெண்டாட்டியையும் ஊரில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று ஆகிறது. அப்படி விட்டுப்போனவர்கள் குறைவில்லை.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஆங்கிலத்தில் கேட்டார்: அப்படியென்றால் எங்கள் டர்பன் பாட்டி இரண்டாம் தாரமா?

நிரூபணம் இல்லை. பெரியப்பா, சித்தப்பா வழியில் இன்னொரு முனுசாமியும் இருந்திருக்கலாம். இதைத் தீர்க்க ஒரு வழி உண்டு. பதிவுச் சட்டப்படி 1-ஆம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆள்வாரியாக ஓர் அட்டவணை, சொத்துவாரியாக ஓர் அட்டவணை. உயில்கள் 3-ஆம் புத்தகத்தில். எழுதியவர் இறந்துவிட்டிருந்தால் நகல் கேட்கலாம். கணினியில் ஏறாத பழைய ஆண்டுகளுக்கு சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸில் மனுக் கொடுத்துத் தேடச் சொல்ல வேண்டும். பிரம்மதேயம் போன்ற இனாம் நிலம் வைத்திருந்த குடும்பங்களுக்கு இன்னும் ஒரு சௌகரியம்: 1858-ல் அமைந்த இனாம் கமிஷனின் பதிவேடுகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பலவற்றில் வாரிசு விவரமும் உண்டு. நம் முனுசாமி வீட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

‘முனுசாமி பாகம்’ எப்போது, யார் கையெழுத்தில் கைமாறியது என்று பார்க்க, சொத்துவாரி அட்டவணைக்கு மனுக் கொடுத்தாயிற்று. விற்றவர் ஒரு பெண்ணாக இருந்து, ‘முனுசாமி சம்சாரம்’ என்று எழுதியிருந்தால் ஒரு பதில். பங்காளிகள் கூடி விற்றிருந்தால் வேறு பதில். நகல் கைக்கு வருவதற்குள் அம்மா டர்பன் திரும்ப வேண்டியிருந்தது. பெரியவரின் நம்பரை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். இருவரும் வாட்ஸ்ஆப்பில் பழைய போட்டோக்களை அனுப்பிக்கொள்கிறார்கள் என்று கேள்வி.

(அடுத்த வாரம்: சாந்தோம் பக்கத்துக் குடும்பம் ஒன்றின் ஞானஸ்நானப் பதிவேடு. தாய் பெயரும் ஞானப்பெற்றோர் பெயரும் எழுதப்பட்ட பக்கங்கள்.)