தன்னையே பரிசோதித்த கல்லூரி

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் வேலையால் வரும் நோய் என்றாலே தோல் பதனிடும் தொழிற்சாலைதான் நினைவுக்கு வரும். குரோமியம் பட்டுக் கைகள் புண்ணாவதை மருத்துவம் நெடுநாளாக அறியும். சரி, மருத்துவம் கற்பிக்கும் இடத்தில் வேலை செய்வோருக்கு என்ன ஆபத்து? வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) இந்தக் கேள்வியைத் தன் செவிலியர் மாணவர்களை வைத்தே ஆராய்ந்தது.

அது தேடிய ஆபத்து காசநோய். அதன் கிருமி காற்றில் பரவும். நோயாளி இருமும்போது வெளிவரும் நுண்துளிகள், காற்றோட்டமில்லாத அறையில் மணிக்கணக்கில் மிதக்கும். மூச்சோடு உள்ளே போன கிருமி பெரும்பாலோரிடம் நோயாக வெடிக்காமல் ஆண்டுக்கணக்கில் உறங்கும். காய்ச்சல் இராது, இருமல் இராது. பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது?

அதற்குத்தான் மாண்டூ சோதனை. கிருமியிலிருந்து எடுத்த புரதத்தை 0.1 மில்லி அளவு முன்கைத் தோலுக்குள் போடுவார்கள். முன்பே அந்தக் கிருமியைச் சந்தித்த வெள்ளையணுக்கள் அதை அடையாளம் கண்டு அங்கே திரளும். 48 முதல் 72 மணி நேரத்தில் தோல் தடிக்கும். சிவப்பைக் கணக்கில் எடுக்காமல் தடிப்பை மட்டும் மில்லிமீட்டரில் அளப்பார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பழைய தொற்றின் நினைவு மங்கியிருந்தால் முதல் ஊசிக்குத் தோல் தடிக்காமல் போகலாம். ஆனால் அந்த ஊசியே நினைவைத் தட்டி எழுப்பிவிடும். அடுத்த ஆண்டு சோதித்தால் பழைய தொற்று புதிதுபோலத் தோன்றும். அதனால் தொடக்கத்திலேயே குறுகிய இடைவெளியில் இரண்டு முறை சோதிக்கிறார்கள். இரண்டிலும் தடிக்காதவருக்கு ஓராண்டு கழித்துத் தடித்தால், கிருமி இடையில்தான் புகுந்திருக்க வேண்டும்.

2007இல் 436 மாணவர்களை இப்படிச் சோதித்தபோது ஏறக்குறைய பாதிப்பேருக்குத் தோல் தடித்தது. தடிக்காதவர்களில் மறு ஆண்டு சோதனைக்கு வந்தோரிடம் கணக்கிட்ட புதுத் தொற்று 7.8 சதவீதம். நாடு முழுவதற்குமான அன்றைய மதிப்பீடு ஆண்டுக்கு 1.5 சதவீதம்தான். ஐந்து மடங்கு! 2011இல் ‘ப்ளோஸ் ஒன்’ இதழில் இந்த முடிவு வெளியானது.

தன் வளாகத்தைத் தானே அளப்பது எந்தக் கல்வி நிலையத்துக்கும் எளிதல்ல. கிடைக்கும் எண் தன் பெயரையே உறுத்தலாம். ஆனால் எண் தெரிந்தால்தான் வழி பிறக்கும்: இருமும் நோயாளிக்குத் தனி இடம், திறந்த சன்னல்கள், என்95 முகக்கவசம், தாமதமில்லாத சளிப் பரிசோதனை. செவிலியரை உருவாக்கும் ஒவ்வொரு கல்லூரியும் இந்தக் கணக்கைத் தன் மாணவர்களிடம் எடுத்தாக வேண்டும். பிறர் உயிரைக் காக்கக் கற்க வந்தவர்களைக் காப்பது கல்லூரியின் முதல் கடமை.